வலப்பக்கம் செருகிய டிஸ்க்

எங்கள் ஊர்களில் கல்யாண வீட்டின் பெண்கள் பகுதியைப் படம் எடுக்கிறவளின் பேஸ்புக் பக்கத்தில் ஒரு முகம்கூட இருக்காது. மருதோண்டி போட்ட கை இருக்கும், கழற்றி வைத்த செருப்புச் சோடி இருக்கும், மோதிரப் பெட்டி இருக்கும், முதுகுப் பக்கமாக விழும் முக்காடு இருக்கும். சாய்ந்தமருதிலோ கல்முனையிலோ நிந்தவூரிலோ எந்த உம்மாவும் தன் மகளின் முகத்தை ஊர் பார்க்கப் போட விடமாட்டார். நானும் கேட்டதில்லை. ஆகையால் ஒருத்தி நன்றாகப் படம் எடுக்கிறாளா இல்லையா என்று அறிய வாய்ப்பேச்சைத் தவிர வேறு வழி கிடையாது. அல்பத்தை வீட்டுக்குப் போய்ப் பார்த்த பெண்கள் வந்து சொல்வதுதான் எங்களுக்கு விளம்பரம்.

அந்த வாய்ப்பேச்சு நெடுங்காலம் என்னைப் பற்றித்தான் இருந்தது. பிறகு மருதமுனைக்காரி வந்தாள்.

என்னைவிட மிகவும் இளையவள். மெல்லிய உடம்பு, பெரிய கமரா, ஓயாத சிரிப்பு. கமராவைக் கழுத்தில் மாட்டினால் ஆளே தெரியாது, கமராதான் நடந்து வரும் என்று நான் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. "அவ எடுத்தா பொண்ணு வேற மாதிரி ராத்தா" என்று அக்கா முறை வைத்து என்னிடமே சொன்னார்கள். வேறு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "பாத்தாத்தான் விளங்கும்" என்பார்கள். எனக்குப் பார்க்கக் கிடைக்காது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குப் பொறாமை. இதற்கு வேறு பெயர் வைத்து அழகு பார்க்க விருப்பமில்லை. பெண்களுக்கான மார்க்கப் பயானில் பொறாமையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எனக்கு முன்வரிசையில் இருக்கப் பிடிக்காது. பொய்ப் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அவளுடைய பக்கத்தைப் பார்ப்பேன். விரல் தவறி லைக் விழுந்துவிடக் கூடாதே என்று போனை மேசையில் வைத்து ஒற்றை விரலால் மெதுவாகத் தள்ளுவேன். வெறும் கைகளையும் செருப்புகளையும் பார்த்து வயிறு எரிந்த ஆள் இந்தக் கரையோரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு குறை கண்டுபிடித்தேன். அவள் போட்டிருந்த கைகள் எல்லாமே வலக்கைகள். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் பொண்ணின் படம் என்றால் வலக்கால். காதுத் தோடு என்றால் வலக்காது. நாங்கள் எல்லோரும் எதையும் வலத்தால் தொடங்குகிறவர்கள்தான். சட்டையில் வலக்கையைத்தான் முதலில் நுழைப்போம், கல்யாண மண்டபத்துக்குள் வலக்காலைத்தான் வைப்போம். அதற்காக இடக்கையில் மருதோண்டி போட்ட பெண்பிள்ளை காசு கொடுக்கவில்லையா? இதை என் கணவரிடம் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். அவர் மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே, "நீ அந்தப் புள்ளைட பக்கத்த இவ்வளவு கவனமாப் பாக்கிறது அவக்குத் தெரிஞ்சா சந்தோசப்படும்" என்றார். அதன் பிறகு அவரிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

என்னிடம் அவளிடம் இல்லாத ஒன்று இருந்தது. அது எனக்குப் பெருமை தந்ததா எரிச்சல் தந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. டிஸ்க் கெட்டுப் போனால் அதிலிருந்து படங்களை மீட்டு எடுக்க எனக்குத் தெரியும்.

இதைப் படிக்க வேண்டி வந்தது வேறு வழியில்லாமல்தான். கடற்காற்றும் கரண்ட் வெட்டும் சேர்ந்தால் எந்த டிஸ்கும் நெடுநாள் தாங்காது. என் டிஸ்க் ஒன்று முன்னொரு காலத்தில் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கியது. கல்முனைக் கடைத்தெருவில் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நல்லவர்கள்தான், ஆனால் எல்லோரும் ஆண்கள். முக்காடு இல்லாமல், தலை பின்னி, பூ வைத்து, கூச்சம் விட்டுச் சிரித்த எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் முகம் அந்த டிஸ்கில் இருந்தது. அதைக் கொண்டுபோய் ஓர் ஆணின் மேசையில் வைத்தால் பிறகு எந்த வீட்டிலும் எனக்குத் தேத்தண்ணி கிடைக்காது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து நானே படித்தேன்.

படித்ததில் முதல் பாடம், கொப்பி வேறு, குளோன் வேறு என்பது. கொப்பி எடுத்தால் நாம் தேர்ந்த படங்கள் மட்டும் வரும். குளோன் எடுத்தால் டிஸ்க் முழுவதும், உள்ளது உள்ளபடி, வெற்றிடம் உட்பட, மற்ற டிஸ்கில் போய் இருக்கும். அந்த மற்ற டிஸ்கில் ஏற்கெனவே என்ன இருந்தாலும் அது போய்விடும். முழு டிஸ்கையும் அப்படியே ஒரே பெரிய கோப்பாக எடுத்து வைத்தால் அதற்கு இமேஜ் என்று பெயர். இரண்டாவது பாடம்தான் எனக்கு அதிசயமாக இருந்தது. நாம் அழிக்கிற படம் உடனே அழிந்து போவதில்லை. பெயர்தான் போகிறது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்வரை படம் அங்கேயே கிடக்கிறது. இமேஜ் எடுத்துத் தோண்டினால் அதுவும் வந்துவிடும்.

நாளடைவில் அம்பாறைக் கரையோரத்தில் பெண்கள் பகுதி படம் எடுக்கிற எல்லோருக்கும் நான் தெரிந்தவளாகிவிட்டேன். டிஸ்க் கெட்டால் அக்கரைப்பற்றிலிருந்தும் கொண்டு வருவார்கள். படம் எடுக்க அழைப்பது குறைந்து, படம் மீட்க அழைப்பது கூடியது. அழகாகப் படம் எடுப்பவள் என்று பெயர் வாங்கியவளுக்கு இது எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் வந்தது.

தங்கச்சி வீடும் என் வீடும் உம்மாவின் வளவைப் பிரித்துக் கட்டிய வீடுகள். எங்களுக்குள் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. இரண்டும் ஒரே படம் வரைந்து கட்டியவை, நடுவில் ஒரு மதில். அவள் வீட்டில் தேங்காய் துருவினால் எனக்குக் கேட்கும். அந்தப் பிள்ளையின் முதல் பல்லில் இருந்து பட்டமளிப்புவரை என் கமராதான் எடுத்தது. கல்யாணத்துக்கு நான் புதிதாக ஒரு லென்ஸ்கூட வாங்கி வைத்துவிட்டேன்.

தங்கச்சி ஒரு பின்னேரம் மதிலைச் சுற்றி முன்வாசலால் வந்தாள். முன்வாசலால் வந்தாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பிஸ்கட்டை எடுத்தாள், கடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"ராத்தா, கலியாணத்தண்டு நீங்க வேல செய்யப்படா. எங்களோட ராணி மாதிரி உடுத்துக் கொண்டு இரிக்கணும்" என்றாள்.

"படத்த ஆரு எடுக்கிற?"

"புள்ள ஆரோடயோ கதைச்சிரிக்கா போல. எனக்கு வடிவாத் தெரியா."

அவளுக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது. "நல்லம்தானே, எனக்கும் ஓய்வு" என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. தங்கச்சி போனபிறகு அந்தக் கடிக்காத பிஸ்கட்டைக் கோழிக்குப் போட்டேன்.

கல்யாணத்தன்று தங்கச்சி வீட்டில் ராணி மாதிரி உடுத்திக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு கல்யாண வீட்டில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. கைகளை மடியில் வைத்தேன், பிறகு பையை மடியில் வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் "நீங்க எடுக்கல்லயா?" என்று கேட்டார்கள். "இண்டைக்கு ஓய்வு" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. மருதமுனைக்காரி உள்ளே வரும்போது பிஸ்மி சொல்லி வலக்காலை வைத்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து சலாம் சொல்லி, "ராத்தா இரிக்கக்குள்ள எனக்குக் கை நடுங்குது" என்றாள். கை ஒன்றும் நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பொண்ணை உடுத்துகிற அறையில் அவள் விளக்குகளை வைக்கத் தொடங்கினாள். பிழையான இடத்தில் வைத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. அந்த அறை என் வீட்டு அறையைப் போன்றதுதான், பின்னேரத்தில் அங்கே வெளிச்சம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டு வெள்ளைச் சுவரில் வெயில் பட்டுத் திரும்பி, தங்கச்சி வீட்டு யன்னலால் உள்ளே வரும். கூசாத வெளிச்சம். எந்தக் கடையிலும் அப்படி ஒரு விளக்கு விற்பதில்லை. அவளோ திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வயர்களை இழுத்துக்கொண்டு நின்றாள்.

உதவி செய்யும் எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இல்லை. கை சும்மா இருக்க மாட்டாமல் எழும்பிப் போய்த் திரையைத் திறந்துவிட்டேன். ஒரு கையால் சீலையைப் பிடித்துக்கொண்டு, எந்த அளவு திறந்தால் போதும் என்று பார்த்து, கொஞ்சம் இந்தப் பக்கமும் கொஞ்சம் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தேன். பின்னால் கமராச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. "அல்லாஹ், என்ன லைட்டு!" என்று அவள் சொன்னது கேட்டது. வந்து கதிரையில் இருந்துவிட்டேன். என் வீட்டுச் சுவர் அவளுக்கு வெளிச்சம் கொடுத்ததை நினைத்து வலீமா விருந்துச் சாப்பாடு வரைக்கும் எரிந்தேன்.

அதன் பிறகு கொஞ்ச நாள் சென்று ஒரு காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். சிரிப்பு இல்லை. துணிப்பை ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்கும், டிஸ்க் செருகுகிற டொக் ஒன்றும் இருந்தன. டொக் என்பது இரண்டு வாய் உள்ள சின்னப் பெட்டி. இரண்டு டிஸ்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் கொம்பியூட்டர் இல்லாமலே ஒன்றை மற்றதில் குளோன் பண்ணிவிடும். என்னிடமும் அதே மாதிரி ஒன்று உண்டு.

"ராத்தா, நான் பெரிய பிழை ஒண்டு செஞ்சிட்டன்" என்று தொடங்கியவள் அழுதுவிட்டாள்.

தேத்தண்ணி கொடுத்துக் கேட்டேன். அவளிடம் எல்லாம் ஒரே டிஸ்கில்தான் இருந்தது. இரண்டாவதாக ஒன்று எடுத்து வைக்க வேண்டும் என்று நெடுநாள் நினைத்து, கடைசியில் அந்தப் பெட்டியையும் ஒரு வெற்று டிஸ்கையும் வாங்கியிருக்கிறாள். பாதுகாப்புக்கென்று பிரதி எடுக்கப் போய்த்தான் மூலத்தில் கை வைத்திருக்கிறாள்.

"எந்த டிஸ்க எந்தப் பக்கம் செருகின நீ?" என்று கேட்டேன்.

"படம் உள்ளதத்தான் முதல்ல செருகின. பிஸ்மி சொல்லி வலப்பக்கம். மறுவா வெறும் டிஸ்க இடப்பக்கம்."

எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பெட்டிக்கு இடப்பக்கம் உள்ளதுதான் மூலம். இடத்திலிருந்து வலத்துக்குத்தான் அது எழுதும். அதைச் செய்தவர்கள் எங்களைக் கேட்டுச் செய்யவில்லை. எது மூலம், எது பிரதி என்று அடியில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கும், கவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரி என்றாலும் தற்செயலாகப் பாதிக்குப் பாதி சரியாகச் செருகியிருப்பாள். இவளுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. நன்றாக வளர்த்த பிள்ளை, மதிப்பான பொருளை வலத்தில்தான் வைப்பாள். வெற்று டிஸ்கின் வெறுமையை எடுத்துப் படம் உள்ள டிஸ்கின்மேல் எழுதத் தொடங்கியிருக்கிறது பெட்டி. பெட்டியில் வரிசையாக உள்ள விளக்குகளில் முதலாவது எரிந்துகொண்டிருக்கும்போது ஊரில் கரண்ட் போயிருக்கிறது. இல்லாவிட்டால் முழுவதும் போயிருக்கும்.

வலக்கைகளை வைத்து நான் அடித்த பகிடி நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நானும் அந்தப் பெட்டியை வாங்கிய புதிதில் வலப்பக்கம்தான் செருகினேன். அன்று நான் செருகிய இரண்டும் வெற்று டிஸ்குகள், சும்மா பழகிப் பார்க்கச் செருகியவை. அதன் பிறகு இடப்பக்க வாயில் ஒரு மருதோண்டிப் பொட்டு வைத்துக்கொண்டேன்.

"இதில என்ன கலியாணம் எல்லாம் இரிக்கி?" என்று கேட்டேன்.

"பழசெல்லாம் குடுத்து முடிஞ்சி. குடுக்காதது ஒண்டுதான்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கட தங்கச்சிட மகள்ட."

கமராக் கார்டுகளில் அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டாள், அவற்றில் ஒன்றும் இல்லை. கல்யாணச் சாரியும் நகையும் வாடகைக்கு எடுத்தவை, திரும்பப் போய்விட்டன. மாப்பிள்ளை கட்டார் நாட்டு வேலைக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் உடுத்தி எடுக்கவும் முடியாது. படங்கள் வராவிட்டால் என் தங்கச்சி சும்மா இருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருந்தது. ஒரு வாரத்தில் மருதமுனையிலிருந்து பொத்துவில்வரை கதை போய்விடும். எங்களுடைய தொழிலே வாய்ப்பேச்சில் நிற்கிற தொழில்.

இங்கே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவள் முன்னால் இருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது என் மனம் கணக்குப் பார்த்தது. நான் "ஏலா புள்ள, எல்லாம் போயிற்று" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். என்னை யாரும் குறை சொல்ல முடியாது. கெட்ட டிஸ்க், அவளே கெடுத்தது. அடுத்த பருவத்தில் எல்லாக் கல்யாணமும் என் வாசலுக்குத் திரும்பி வரும். தங்கச்சியும் மதிலுக்கு அங்கால் நின்று, "உங்களையே எடுக்கச் சொல்லியிரிக்கலாம் ராத்தா" என்று சொல்வாள். அந்த வசனத்தை அவள் குரலிலேயே நான் கேட்டேன். இனித்தது.

"வெச்சிட்டுப் போ, பாக்கிறன்" என்றேன்.

"உள்ளுக்குப் பாக்காம எடுக்க ஏலாதா ராத்தா?"

"டேட் பாத்துப் பிரிக்கலாம். உடைஞ்சது எது, முழுசு எது எண்டு கண்ணாலதான் பாக்கணும்."

அவள் துணிப்பையின் வாயை முறுக்கினாள். அவளுக்கும் தன் படங்களை எனக்குக் காட்ட விருப்பமில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு, "நீங்கதானே, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலையில் நான் ஏமாற்ற மாட்டேன். கோபம் வருகிறது, ஆனால் கை பழகியபடிதான் போகிறது. முதலில் அந்த டிஸ்கில் எதையும் எழுத முடியாதபடி, வாசிக்க மட்டும் வைத்து, முழுவதையும் ஓர் இமேஜாக என் டிஸ்கில் எடுத்தேன். கெட்டதை ஒருபோதும் தோண்டக் கூடாது, அதன் பிரதியைத்தான் தோண்ட வேண்டும். ஊரில் கரண்ட் போனாலும் தாங்குகிற பற்றரியில் கொம்பியூட்டரை மாட்டிவிட்டு, அது போய்க்கொண்டிருக்க நான் மீன் கழுவினேன், துணி காயப்போட்டேன். மதிலுக்கு அங்கால் தங்கச்சி குரல் கேட்டது.

"ராத்தா, மருதமுனைப் புள்ள உங்கட ஊட்ட வந்து போறதக் கண்ட. அல்பம் எப்ப வருமாம்?"

"வரும்" என்றேன். அதற்குமேல் சொல்ல வாய்வரை வந்தது. துணியை உதறிக் கொடியில் போட்டேன்.

இமேஜைத் தோண்டத் தொடங்கியதும் படங்கள் பெயரில்லாமல் வரத் தொடங்கின. டிஸ்கின் முன்பகுதியில் இருந்தவை போய்விட்டன. பழைய, கொடுத்து முடிந்த கல்யாணங்கள். பின்பகுதியில் இருந்தவை வந்தன. சில படங்களில் பாதி முகமும் பாதி சாம்பல் நிறமும். அவற்றைத் தள்ளிவிட்டு முழுசாக உள்ளவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

முதல் முறையாக அவள் எடுத்த முகங்களைப் பார்த்தேன்.

ஊர் பெரிதாக்கிச் சொல்கிறது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாள், அதற்கு மயங்கி அல்பத்தைப் புகழ்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். நாலைந்து படம் பார்த்ததும் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். நான் எடுத்தால் பொண்ணு பொண்ணு மாதிரி இருப்பாள். தலை நேராக, நகை தெரிய, சாரி மடிப்புக் கலையாமல். அவள் எடுத்ததில் என் தங்கச்சி மகள் உம்மா தன் தலையில் முக்காட்டைக் குத்தும்போது ஊசிக்குப் பயந்து ஒரு கண்ணை மூடியிருந்தாள். அந்தப் பிள்ளை மூன்று வயதில் ஊசி போடப் போனபோதும் அப்படித்தான் ஒற்றைக் கண்ணை மூடியது. நான் தூக்கிக்கொண்டு போனவள், எனக்குத் தெரியும். அத்தனை வருடம் அந்த முகத்தை எடுத்தும் என் கமராவில் அது விழவில்லை. அன்று முதன்முதலாக அந்தப் பிள்ளையைக் கண்டவள் எடுத்திருக்கிறாள்.

குறை தேடினேன். ஒரு படத்தில் மின்விசிறியின் பாதி தெரிந்தது. இன்னொன்றில் யாரோ ஒருவரின் முழங்கை. ஆறுதலாக இருக்கவில்லை. யன்னலால் வந்த வெளிச்சம் எல்லாப் படத்திலும் இருந்தது. "என்ட சுவர், என்ட வெளிச்சம்" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். என் கணவர் அடுத்த அறையிலிருந்து, "ஆரோட கதைக்கிற?" என்று கேட்டார்.

நாள் கணக்காகப் போன வேலை. ஒவ்வொரு காலையும் அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு இருந்து, எரிந்து எரிந்து பிரித்தேன். நல்ல படம் வர வர வயிறு எரிந்தது, உடைந்த படம் வந்தால் அதைவிட எரிந்தது. ஏன் என்று விளங்கவில்லை. அவளுடைய ஒரு நல்ல படம் பாதியில் சாம்பலாகிக் கிடப்பதைப் பார்க்கும்போது, "அடச்சீ" என்று வாய்விட்டே சொன்னேன்.

கடைசிப் பக்கம் போகும்போதுதான் அந்தப் படம் வந்தது.

யன்னலோரத்தில் ஒரு பெண். பச்சைச் சாரி. ஒரு கையால் திரையைப் பிடித்துக்கொண்டு வெளியே, மேலே பார்க்கிறாள். வெளிச்சம் அவள் கன்னத்திலும் கழுத்திலும் விழுந்திருக்கிறது. நெற்றி லேசாகச் சுருங்கி, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அளந்து பார்க்கிற முகம். யாரைப் பற்றியும் நினைக்காத முகம். அழகாக இருந்தாள். ஒரு கணம் யார் இந்த மனிசி என்றுதான் பார்த்தேன். சாரியைக் கண்டுதான் நான் என்று தெரிந்தது.

என்னை யாரும் படம் எடுப்பதில்லை. எந்தக் கல்யாண வீட்டு அல்பத்திலும் நான் இல்லை. படம் எடுக்கிறவள் படத்தில் எப்படி இருப்பாள்? அடையாள அட்டைக்கு எடுத்ததும் பாஸ்போட்டுக்கு எடுத்ததும்தான் என்னிடம் உண்டு, இரண்டிலும் எதற்கோ குற்றம் சாட்டப்பட்டவள் போல இருப்பேன். நான் வேலை செய்யும்போது எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்று பொறாமையில் கறுத்துப்போய் இருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் அதற்குள்ளே இதை எடுத்திருக்கிறாள். என் முகத்தையும் என்னைவிட நன்றாக அவளுக்குத்தான் எடுக்கத் தெரிகிறது என்று நினைத்தபோது அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். எனக்கு அது வேண்டும். அவ்வளவு ஆசையாக எதையும் கேட்டதாக நினைவில்லை. எடுத்து வைத்துக்கொள்ள ஒரு நொடி போதும். ஆனால் எங்களுடைய தொழிலில் ஓர் ஒழுங்கு உண்டு. மீட்டதைக் கையில் கொடுத்ததும் நம்மிடம் உள்ள இமேஜை அழித்துவிட வேண்டும், ஒரு படம் மிச்சம் வைக்கக் கூடாது. அந்த ஒழுங்கை நம்பித்தான் எல்லோரும் டிஸ்கைக் கொண்டு வருகிறார்கள். என் முகமாக இருந்தாலும் அது அவள் எடுத்த படம். வேண்டும் என்றால் கேட்க வேண்டும். அவளிடம். அதாவது, உன் படங்களைப் பார்த்தேன், ஒன்றில் மனம் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். "எல்லாம் போயிற்று" என்று சொல்லியிருந்தால் இந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

முழுசாக உள்ளவற்றை அவளுடைய வெற்று டிஸ்கில் போட்டு, அவளை வரச் சொன்னேன். வந்து மேசைக்கு முன்னால் இருந்தாள். ஒரு படத்தைத் திறந்து காட்டியதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொண்ணு அறை, மருதோண்டி, மாப்பிள்ளை வரும்போது குரவை போடுகிற பெண்கள், எல்லாம் கிட்டத்தட்ட முழுதாக இருந்தன. "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "ராத்தா, உங்களுக்கு நான் என்ன தரணும்?" என்று கேட்டாள்.

"ஒண்டும் வேணாம்."

"அப்பிடிச் செல்லாதங்க."

"படம் ஒண்டு தா" என்றேன். சொல்லிவிட்டேன். இனித் திருப்பி எடுக்க முடியாது. என் காது சூடாகிவிட்டது. "இதில என்ட படம் ஒண்டு இரிக்கி. நல்லாரிக்கி. நீ வடிவா எடுத்திரிக்கா."

அவளைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "உங்கட படமா? எங்க, எங்க?" என்று திரைக்குக் கிட்ட வந்தாள். நான் திறந்து காட்டினேன். அவள் பார்த்தாள். கொஞ்சம் முழித்தாள்.

"இதா?" என்றாள். "இது லைட் பாக்க எடுத்ததெலுவா ராத்தா. கமராவ அளவு பாக்கிறதுக்குச் சும்மா தட்டின. நீங்க அதில நிண்டிரிக்கீங்க. இத நான் டிஸ்கில போட்டு அண்டைக்கே அழிச்சேன்."

அழித்த படமும் வரும் என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். இமேஜ் என்றால் என்ன, பெயர் போனாலும் படம் கிடக்கும், எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டாள். நான் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கே கேட்கவில்லை.

"இன்னொரு நாளைக்கு வாங்க, உங்கள வடிவா எடுத்துத் தாறன்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

"வேணாம். இத மட்டும் தா."

"ஓம், எடுங்க எடுங்க" என்று சிரித்தாள். அவளுடைய பழைய சிரிப்பு திரும்பி வந்திருந்தது. என் கண் முன்னாலேயே அந்தப் படத்தை எனக்கு ஒன்று தந்துவிட்டு, தன் புது டிஸ்கில் தேவையில்லாதவற்றைத் தள்ளும்போது அதையும் சேர்த்து அழித்தாள். சலாம் சொல்லிவிட்டு வலக்காலை வெளியே வைத்துப் போனாள். வீட்டை விட்டுப் போகும்போது இடக்காலைத்தான் முதலில் வைக்க வேண்டும், சந்தோசத்தில் மறந்துவிட்டாள் என்று கவனித்தேன்.

அதன் பிறகு அவளுடைய இமேஜை முழுவதும் அழித்து, அந்த இடத்தின்மேல் வெறுமையை எழுதி, யாரும் எதையும் தோண்ட முடியாதபடி செய்தேன். மதிலுக்கு அங்கால் தங்கச்சி யாருக்கோ போனில், "அல்பம் வரப்போகுதாம், அந்தப் புள்ள எடுத்தா வேற மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யன்னலைச் சாத்தினேன். ஒரு பிரதி மட்டும் வைத்திருப்பது என் வழக்கமில்லை. இடப்பக்கம் ஒரு டிஸ்க், வலப்பக்கம் ஒரு டிஸ்க் செருகி, அவள் அழித்த என் படம் இரண்டிலும் இருக்கிறதா என்று திறந்து பார்த்துக்கொண்டேன்.